இருபத்துநான்கு தூண்களும் ஒரு வரியும்

ஆண்டு மலரின் முப்பத்தோராம் பக்கத்தில், நான் எழுதிய கட்டுரைக்குள், நான் எழுதாத வரி ஒன்று அச்சாகியிருந்தது. ஏழு சொற்கள். "இடிக்கப்பட்ட பழந்தமிழ்க் கோயிலின் தூண்களைக் கொண்டு எழுப்பப்பட்ட பள்ளிவாசல்." படத்துக்குக் கீழே, சாய்ந்த எழுத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி நாற்பது. எது நடந்தாலும் நேரத்தோடு குறித்து வைப்பது என் வழக்கம். அன்றைய நாட்குறிப்பில் நேரத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. கோபத்தில் எழுதினால் என் எழுத்துக் கோணும். கோணிய எழுத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

மலர் என்பது, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரத்தின் புறநகரான ரோவில்லில் வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளி ஆண்டுதோறும் வெளியிடுவது. பிள்ளைகளின் படங்கள், ஆசிரியர் செய்தி, விளம்பரங்கள், நடுவில் பெரியவர்கள் எழுதும் நான்கைந்து கட்டுரைகள். இந்த முறை கட்டடக் கலை பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். மல்கிரேவில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைவது என் வேலை என்பதால் கேட்டிருக்க வேண்டும். காயல்பட்டினத்தில் உள்ள ஒரு பழைய பள்ளிவாசலைப் பற்றி எழுதினேன்.

அதைப் பற்றி எழுதக் காரணம் அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பவள். அவளுடைய ஊர் காயல்பட்டினம். என்னைவிடப் பத்து வயது இளையவள். வெரிபீயில் வீடு, காலை ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிட்டு நகரத்தின் மறுகோடியிலிருந்து வருகிறாள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவளது கைப்பேசித் திரையில் கருங்கல் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன.

"எந்தக் கோயில் இது?" என்று கேட்டேன்.

"கோயில் இல்லக்கா, எங்க ஊர்ப் பள்ளி," என்றாள். "எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. படம் வரையிற நீங்களுமா?"

ஆம், நானும்தான். அந்த வெட்கத்தில்தான் அளவுகள் கேட்க ஆரம்பித்தேன். தூணின் உயரம் என்ன, பட்டை எத்தனை, தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி எவ்வளவு. அவள் ஊருக்குப் போனாலும் பெண்கள் அந்தத் தொழுகைக் கூடத்துக்குள் போய் நின்று அளக்க முடியாது. எனவே அவளுடைய வாப்பா அளந்தார். கொழும்பில் முப்பது ஆண்டுகள் இரத்தினக்கல் வியாபாரம் செய்து ஊர் திரும்பியவர் அவர். மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து அளக்கும் கருவி இன்னும் அவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அசர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்த பிறகு இரண்டு தூண்கள். பன்னிரண்டு நாட்களில் இருபத்துநான்கு தூண்களும் முடிந்தன. அளவுகளை மகளுக்குக் குரல்பதிவாக அனுப்புவார். அவள் அதை எனக்குப் போட்டுக் காட்டுவாள்.

"மூணாவது தூணும்மா. கீழ சதுரம், ஒண்ணே கால் அடி. அதுக்கு மேல எட்டுப் பட்டை. பட்டை ஒவ்வொண்ணும் ஆறு அங்குலம்... இரு, கண்ணாடி எங்க வச்சேன்... ஆறே கால்."

பதினைந்து அங்குலச் சதுரத்தின் மூலைகளைச் செதுக்கி எண்கோணமாக்கினால் ஒரு பக்கம் ஏறத்தாழ ஆறே கால்தான் வரும். அந்தத் தூணைச் செதுக்கிய ஆசாரி கல்லில் செய்த கணக்கு என் மேசையில் சரியாக வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அவளும் எழுந்தாள். மானேஜர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த அளவுகள் அவருக்கு எளிதாகக் கிடைக்கவில்லை. பள்ளிவாசலை ஒருவர் அளக்கிறார் என்றால், எதற்கு, யாருக்கு என்று கேட்கிற காலம் இது. ஜமாத்திலும் கேட்டார்கள். "எம் பிள்ளை கூட வேலை பாக்குற அம்மா. நம்ம பள்ளியைப் பத்தி நல்லபடியா எழுதப் போறாங்க. நான் பொறுப்பு" என்று அவர் சொல்லியிருக்கிறார். கட்டுரையின் முடிவில் அவர் பெயரைப் போட்டு நன்றி எழுதியிருந்தேன். அது அதே முப்பத்தோராம் பக்கத்தில், அந்த ஏழு சொற்களுக்கு நேர் கீழே இருந்தது.

மலரைத் தொகுத்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன். என்னைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவர்.

"தம்பி, முப்பத்தோராம் பக்கத்தில படத்துக்குக் கீழ ஆர் எழுதினது?"

"நான்தான் அக்கா. என்ன, எழுத்துப் பிழையோ?"

"பிழை இல்லை. பொய்."

அவர் சிரித்தார். "நீங்கள் அந்த இடத்தைச் சும்மா விட்டிட்டீங்கள். மலரில வெறும் இடம் இருக்கக் கூடாது எண்டு நான் பார்க்கிறனான். ஒரு வரி போட்டால்தானே ஆக்கள் நிண்டு பார்ப்பினம்."

"அந்த வரியை எங்கையிருந்து எடுத்தனீர்?"

"வட்ஸ்அப் குறூப்பில வந்தது. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே. தூணைப் பார்த்தாலே தெரியுது, கோயில் தூண். கோயில் கட்டின ஆசாரிமார் கட்டினது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள்."

"கட்டினது எண்டு எழுதினனான். இடிச்சுக் கொண்டு வந்தது எண்டு எழுதேல்லை."

"ஒரு வரிக்கு இவ்வளவு கோபமோ? சரி அக்கா, ஒண்டு கேக்கிறன். நீங்கள் பார்த்துச் சரியெண்டு அனுப்பின பிறகுதானே நான் அச்சுக்குக் குடுத்தனான்? வட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கோ."

திறந்து பார்த்தேன். இரண்டு வாரங்களுக்கு முன் அவர் பக்கங்களை அனுப்பியிருந்தார். நான் பதில் எழுதியிருந்தேன்: "எல்லா எண்களையும் சரிபார்த்தேன். இரண்டு திருத்தங்கள். மற்றவை சரி." அச்செடுத்துப் பார்த்த தாள்களும் கோப்பில் இருந்தன. நாற்பத்தொரு எண்களுக்கும் சிவப்புப் பேனாவால் சரிக்குறி போட்டிருந்தேன். ஆறே கால் ஆறரை ஆகியிருந்ததைப் பிடித்திருந்தேன். படத்தின் அடியில் இருந்த அளவுக்கும் சரிக்குறி. அதற்கு ஒரு விரற்கடை கீழே அந்த வரி. எண் இல்லாத வரி என்பதால் என் கண் அதில் நிற்கவே இல்லை.

இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான் வரைபடம் சரிபார்க்கிறேன். முதலில் எண்கள், பிறகும் எண்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. அன்றைக்கு அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தேன். பிறகு, ஆதாரம் என்பதால், ஒட்டி மறுபடி கோப்பில் வைத்தேன்.

அவர்மேல் இருந்த கோபம் அதனால் குறையவில்லை. இடிக்கப்பட்டது என்ற சொல்லின் எடை அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இடிந்த வீடுகளும் எரிந்த புத்தகங்களும் பார்த்த ஊரிலிருந்துதான் இருவரும் வந்தோம். எனக்குப் பதினேழு வயதில், என் வகுப்பில் இருந்த முஸ்லிம் தோழி, எங்கள் பக்கத்து ஆயுதக்காரரின் உத்தரவால், சில மணி நேரத்துக்குள் வீட்டைவிட்டு, ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தது. அப்போது நானோ என் வீட்டில் எவருமோ வாய் திறக்கவில்லை. இப்போது ஏழு சொற்களில் இன்னொருவரின் வீட்டைத் திருட்டு வீடு என்று அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவில் நிகழ்ச்சி நிரலோடு கொடுக்கப் போகிறோம்.

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்குக் காரை எடுத்தேன். வெரிபீ போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம். நான் பார்த்த பிறகுதான் அந்த வரியைச் சேர்த்தார்கள் என்று சொன்னால் போதும், நம்பிவிடுவாள். வெஸ்ட் கேட் பாலம் ஏறி இறங்கும்வரை அந்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதையும் எழுதிவைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அவள் குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். மலரை வாங்கி, நின்றபடியே படித்தாள். அந்தப் பக்கம் வந்ததும் அடுப்பை அணைத்தாள்.

"இது நீங்க எழுதுனதாக்கா?"

"இல்லை."

"அச்சுக்குப் போறதுக்கு முன்ன பாத்தீங்களா?"

"ஓம். பார்த்தனான். பார்த்துச் சரியெண்டு எழுதிக் குடுத்தனான்."

அவள் மலரைச் சமையல் மேடைமேல் விரித்து வைத்தாள். "இந்தக் கிச்சன் மேடை அரை இஞ்ச் தப்புன்னு பில்டர மூணு தடவ திருப்பி அனுப்புனீங்க," என்றாள் பிறகு. "அவன் உங்களப் பாத்தா ஓடுவான். இத எப்புடிக்கா விட்டீங்க?"

என்னைக் கேட்காமலேயே வாப்பாவை அழைத்தாள். அங்கே காலை ஏழு மணி. ஏழு சொற்களையும் அப்படியே வாசித்தாள். மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"எம் பேரு எங்க போட்டிருக்கு?"

"அதுக்குக் கீழதான் வாப்பா."

"அந்த அம்மா அங்க இருக்காங்களா? போனக் குடு." நான் வாங்கினேன். "ஏம்மா, நான் பொறுப்புன்னு ஜமாத்துல சொல்லிட்டுல்ல அளந்தேன்? மலரு வந்துச்சான்னு தினம் கேக்குறாங்க. இதக் கொண்டுபோய் நான் எப்புடிக் காட்டுறது?"

"என்ர பிழைதான் ஐயா."

"கோயில் கட்டுன ஆசாரிதான் எங்க பள்ளியையும் கட்டுனாரு. அத நாங்க மறைச்சதில்ல. பெருமையாத்தான் சொல்லுவோம். திருடிக் கொண்டாந்து நட்டதுன்னு எழுதுனா எங்களுக்கு மட்டுமா கேவலம்? உளி பிடிச்ச மனுசனுக்கும்தான?"

"அந்த வரிக்கு மேல வெள்ளைத்தாள் ஒட்டிவிடுறன் ஐயா. எல்லாப் பிரதியிலயும்."

"ஒட்டுனா உரிச்சுப் பாப்பாங்க. ஒட்டுனதத்தான் மொதல்ல உரிப்பாங்க. அந்தத் தாளே இருக்கப்படாதும்மா. எம் பேரு அதுல இருக்கப்படாது."

வைத்துவிட்டார். அவள் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் நான் சாப்பிடாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ரோவில் மண்டபத்துக்குக் கோடு போடும் உருக்கு அடிமட்டமும் புதிய பிளேடுகளும் கொண்டு போனேன். மலர்கள் வாசல் மேசையில் இருந்தன. தொகுத்தவரிடமும் பள்ளித் தலைவரிடமும் சொன்னேன்: முப்பத்தோராம் பக்கம் உள்ள தாளை எல்லாப் பிரதியிலும் வெட்டி எடுக்க வேண்டும். என் கட்டுரை வாக்கியத்தின் பாதியில் நிற்கும். நிற்கட்டும்.

தொகுத்தவர் பதறினார். "ஐயோ அக்கா, அதுக்குப் பின்பக்கம் விளம்பரம்! முழுப்பக்கம்!"

உண்மைதான். அதில் வீட்டுக்கடன் எடுத்துத் தரும் முகவர் ஒருவர், கோட்டும் கழுத்தில் ரையுமாக, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"அந்த மனுசன் முன்வரிசையில இருக்கிறார் அக்கா. மனிசி பிள்ளையளோட வந்திருக்கிறார்."

தலைவர் கையை உயர்த்தினார். "பிள்ளை, முதல்ல விழாவை முடிப்பம். பிறகு கமிட்டியில வைச்சுக் கதைப்பம்."

கமிட்டி அடுத்த மாதம் கூடும். மலர் நாலு மணிக்கு எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

கட்டுரை எழுதியவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது இங்கே வழக்கம். மூன்றாவதாக என்னை அழைத்தார்கள். பொன்னாடையை வாங்காமல் ஒலிவாங்கியை வாங்கினேன். முப்பத்தோராம் பக்கத்தில் படத்துக்குக் கீழே உள்ள வரி பொய் என்றும், அதை நான் எழுதவில்லை, ஆனால் பார்த்துச் சரி என்று சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். யாரோ கைதட்டினார்கள், முடிந்துவிட்டது என்று நினைத்து.

நான் முடிக்கவில்லை. கோயில் தூணில் சதுரம் எண்கோணமாக மாறும் மூலையில் பாம்பு படம் எடுத்தது போல ஒரு வடிவம் இருக்கும், நாகபந்தம் என்பார்கள். இந்தப் பள்ளிவாசலில் அந்த இடத்தில் இலை இருக்கிறது. கோயிலில் தெய்வ உருவம் வரும் சதுரத்தில் இங்கே தாமரை இருக்கிறது. அந்தத் தாமரை, சுற்றியுள்ள கல்லின் தளத்திலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. உருவத்தைச் செதுக்கி எறிந்திருந்தால் அந்த இடம் பள்ளமாக இருக்கும். கல்லில் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆகவே அந்தக் கல்லை எடுத்த நாளிலேயே ஆசாரி அங்கே பூ என்று முடிவு செய்திருக்கிறார். உத்தரத்தைத் தாங்கும் போதிகையில் கோயிலில் உள்ளதைப் போலவே பூமொட்டுத் தொங்குகிறது, ஏனென்றால் அவருக்குத் தெரிந்த போதிகை அது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் என்று ஊர் சொல்லும். வேலைப்பாட்டைப் பார்த்தால் பாண்டியர் ஆட்சியின் கடைசிப் பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. அரபு நாட்டுக் குதிரைகள் அந்தக் கரையில் வந்து இறங்கிய காலம். குவிமாடம் இல்லை, உயர்ந்த மினார் இல்லை. கல் தூண், கல் உத்தரம், கல் பலகை, மேலே சுண்ணாம்பு. தமிழ் ஆசாரிகள், தமிழ் பேசும் தொழுகையாளிகளுக்கு, தங்களுக்குத் தெரிந்த முறையில் கட்டியது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு அங்கிள் எழுந்தார். "அப்ப பிள்ளை, டெல்லியில ஒண்டும் இடிக்கேல்லையோ?"

"இடிச்சது அங்கிள். குதுப் மினாருக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில இருக்கிறது கோயில் தூண்கள்தான். அங்க கல்வெட்டே அப்பிடிச் சொல்லுது. உயரம் காணாமல் தூணுக்கு மேல தூண் வைச்சிருக்கினம். ஒண்டு மாதிரி ஒண்டு இல்லை. நடந்த இடத்தில கல்லே சொல்லும். காயல்பட்டினத்தில இருபத்துநாலும் ஒரே உயரம், அரை அங்குலம் கூடப் பிசகேல்லை. வேற இடத்தில இருந்து பிடுங்கிக் கொண்டு வந்தது அப்பிடி வராது."

"நீங்கள் போய்ப் பார்த்தனீங்களோ?"

"இல்லை. எழுபத்தாறு வயதில ஒரு மனுசன் முழங்கால் நோவோட இருந்து அளந்தவர். அவருக்குத்தான் இந்த வரியைப் பரிசாக் குடுத்திருக்கிறம்."

அத்தோடு ஒலிபெருக்கி நின்றது. நிறுத்தியவர் யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி நேரே வாசல் மேசைக்குப் போய் முதல் பிரதியை விரித்தேன். ஓரத்தில் அரை அங்குலம் விட்டு, அடிமட்டத்தை வைத்து, ஒரே இழுப்பு. தலைவர் வந்து பக்கத்தில் நின்றார். சபைக்கு முன்னால் என் கையைப் பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை. மின்பிரதியில் அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்று தொகுத்தவர் என் காதருகே சொன்னார். முழுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும் என்றேன். என் முன்னால் நின்றே கைப்பேசியில் எடுத்தார்.

நடனம் முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். ஏற்கெனவே மலர் வாங்கியிருந்தவர்களிடமும் கைநீட்டிக் கேட்டேன்.

"என்ர மகளின்ர படம் அதில இல்லைத்தானே?" என்று ஒரு தாய் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வெட்டுங்கோ. கெதியா, பார்க்கிங்கில ஆக்கள் நிக்கினம்."

இன்னொருவர் மலரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "வெட்டுற அளவுக்கு என்ன இருக்கெண்டு நான் வாசிக்கத்தானே வேணும்."

வீட்டுக்கடன் முகவர் வந்து, மேசையில் குவிந்திருந்த தன் முகங்களைப் பார்த்தார். "அக்கா, ஆக்களை வைச்சுக்கொண்டு என்ர கழுத்தை அறுக்கிறதெண்டால் இதுதான்," என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் வெட்டாத பிரதிகள் இரண்டை எடுத்துக்கொண்டு மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டிலும் அந்த வரி போகிறது.

அச்சடித்தது இருநூறு. என்னிடம் இரண்டு. வெட்டியது நூற்று எழுபத்தொன்பது. வெட்டாமல் போனது பத்தொன்பது. எடுத்துக்கொண்டு போனவர்களின் பெயர்களை மண்டபத்திலேயே எழுதிவிட்டேன். எல்லாரையும் தெரியும்; இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

திங்கட்கிழமை காலை அவள் எனக்கு முன்பே வந்து, திரையைப் பார்த்தபடி இருந்தாள். வணக்கம் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். மேடை, பிளேடு, விளம்பரம், எல்லாம். கடைசியில் எண்களையும்.

"பத்தொம்பது வெளிய இருக்கு," என்றாள்.

"ஓம்."

"யாரு யாருகிட்டன்னு தெரியுமா?"

"எழுதி வைச்சிருக்கிறன்."

மாலை நான்கரைக்குக் கணினியை மூடினாள். கார்த் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு முன் வந்து நின்றாள். "வாங்கக்கா."

"எல்லாம் ரோவில் பக்கம். உமக்கு வெரிபீ போய்ச்சேர எத்தனை மணியாகுமெண்டு தெரியுமோ?"

"எத்தன மணியானா என்ன? எங்க வாப்பா பேரு அதுல இருக்கு." பையைத் தோளில் மாட்டி, "உங்க மேல கோபம் போகல. அதச் சொல்லிட்டேன்," என்றாள்.

"சரி."

"மொத வீடு யாரு?"

"மலரைத் தொகுத்தவர். தன்ர பிரதியை மட்டும் வெட்டத் தரேல்லை."

அவருடைய வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. உள்ளே தொலைக்காட்சி கேட்டது. அழைப்பு மணியை அவள்தான் அழுத்தினாள். கதவு திறக்கும்வரை விரலை எடுக்கவில்லை.